கம்மாளர், கம்மியர்: சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி, 4.6.2025

கம்மாளர் என்றால் என்ன பொருள்? கண் + ஆளர், சாமி சிலைக்குக் கண் திறக்கிறவர்கள், அதனால் வந்த பேர் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். சொந்தக்காரர் ஒருவர் அது கர்மா என்கிற வடசொல்லின் திரிபு, தமிழே கிடையாது என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்துப் பெரிய சண்டை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 4.6.2025, இரவு

பெரியப்பாவின் விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணை வைத்துச் சொன்னால் கம்மியர் என்ற சொல் அனாதையாக நிற்கும். கம்மாளருக்கு முன்பே கம்மியர் பாட்டில் வந்துவிட்டது. இரண்டுக்கும் அடி ஒன்றுதான்: கம், அதாவது கைத்தொழில். கம்மை ஆள்பவர் கம்மாளர், வேளை ஆள்பவர் வேளாளர் என்பது மாதிரி.

அந்தக் கம் எங்கே பிறந்தது என்பதுதான் சண்டை. சொந்தக்காரர் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ரிக் வேதத்திலேயே கர்மார என்றால் உலை ஊதும் கொல்லன். பாலியில் அது கம்மார. புத்தருக்குக் கடைசி உணவு கொடுத்த சுந்தனைப் பௌத்த நூல்கள் 'கம்மாரபுத்த', அதாவது கொல்லன் மகன் என்றுதான் சொல்கின்றன. கன்னடத்தில் கம்மார, தெலுங்கில் கம்மரி, இரண்டும் இரும்புக் கொல்லன். சிங்களத்தில் கம்மல என்றால் கொல்லுப் பட்டறை. ஒலி மட்டும் ஒத்திருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். பொருளும் சேர்ந்தே ஊர் ஊராக வருகிறதே.

ஆனால் 'தமிழே கிடையாது' என்பது ஓவர். ஏன் என்று நாளை எழுதுகிறேன், இன்றைக்கு நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் நகைக்கடன் கூட்டம், கண் சொருகுகிறது.

5.6.2025

தொல்காப்பியம், எழுத்ததிகாரம், புள்ளிமயங்கியல்:

ஈமும் கம்மும் உருமென் கிளவியும்
ஆமுப் பெயரும் அவற்றோ ரன்ன

ஈம் என்றால் சுடுகாடு, உரும் என்றால் இடி, கம் என்றால் கம்மியர் தொழில் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பின்னால் வேறு சொல் வந்தால் உகரம் சேர்ந்து நிற்கும்: கம்முக் கடிது. அதாவது புணர்ச்சி விதி எழுதும் அளவுக்குக் கம் தனிச்சொல்லாக, நாலு பேர் வாயில் புழங்கும் சொல்லாக இருந்திருக்கிறது. வடக்கே இருந்து வந்திருந்தாலும் தொல்காப்பியர் காலத்துக்கு முன்பே வீட்டு ஆளாகிவிட்டது. இங்கேயே பிறந்தது என்று வாதாடுகிறவர்களும் இந்த நூற்பாவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அது அவ்வளவு தூரம் போகவில்லை. இருந்தது என்று காட்டும், பிறந்தது என்று காட்டாது.

6.6.2025

எனக்குச் சொல்லின் பிறப்பைவிட அதை யாருக்கெல்லாம் சொன்னார்கள் என்பதில்தான் ஆர்வம். நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்மியன் அதில் இரண்டு தடவை வருகிறான், இரண்டு தடவையும் கைவல் கம்மியன்.

முதல் தடவை, கூதிர்க்காலத்தில் யாரும் எடுக்காமல் சுருக்கித் தொங்கவிட்ட விசிறிக்காக வருகிறான். 'கைவல் கம்மியன் கவின்பெறப் புனைந்த செங்கேழ் வட்டம்'. சிவப்பு வட்ட விசிறி, அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. குளிர் என்று சொல்லாமல் குளிரைச் சொல்கிற இடம்.

இரண்டாம் தடவை அரண்மனைக் கதவு. நிலையும் கதவும் பொருந்துகிற இடத்தில் 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து'. முடுக்குவது என்றால் இறுக்கிப் பொருத்துவது, புரை என்றால் இடுக்கு. மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொண்டு மூடமாட்டேன் என்று அடம் பிடிக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு முடுக்கிய கம்மியன் பணத்தை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான்.

விசிறி செய்தவனும் கம்மியன், கதவு செய்தவனும் கம்மியன். ஒரே பாட்டில்.

அதே பாட்டில் அரண்மனைக்கு மனை வகுக்கிறவர்கள் வேறு பெயரில் வருகிறார்கள். இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்துக் கயிறு போடுகிறவர்கள், 'நூலறி புலவர்'. இன்று நாம் புலவர் என்றால் கவிதை எழுதுகிறவர் என்று நினைக்கிறோம். கட்டில் கடைந்தவனோ வெறும் 'வல்லோன்'. ஆக கை வேலை, அளவு வேலை, நுண்வேலை, மூன்றுக்கும் மூன்று மரியாதை இருந்திருக்கிறது. மூன்றும் குலப்பெயர் மாதிரி எனக்குத் தெரியவில்லை, திறமையைச் சொல்கிற பெயர்களாகத்தான் தெரிகின்றன.

8.6.2025

நாகர்கோவில் நண்பர் கேட்டது: கம்மியர் என்றாலே ஐந்தொழிலாளர்தானே? இரும்பு, மரம், கல், பித்தளை, பொன்?

சங்கப் பாட்டில் அப்படி இல்லீங்க. மதுரைக்காஞ்சியில் கடைத்தெரு வருகிறது. சங்கை அறுத்துக் கடைகிறவர், மணிக்குத் துளை போடுகிறவர், பொன்னில் நகை செய்கிறவர், 'பொன்னுரை காண்மர்', துணி விற்பவர், செம்பு நிறுத்து வாங்குகிறவர், ஓவியம் எழுதும் 'கண்ணுள் வினைஞர்' என்று வரிசையாகச் சொல்லி முடிக்கிறார் மாங்குடி மருதனார். இவர்களில் ஒருவரையும் கம்மியர் என்று அழைக்கவில்லை. அதற்கப்புறம், ஆற்று மணலின் அறல் மாதிரி மடித்த சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டு 'சிறியரும் பெரியரும் கம்மியர் குழீஇ' நிற்கிறார்கள். அவர்கள் நெசவாளர்கள்! இன்று யாராவது நெசவாளரைக் கம்மாளர் என்று அழைத்தால் இரண்டு தரப்பும் சண்டைக்கு வரும்.

புறநானூறு 353இல் 'ஆசில் கம்மியன் மாசறப் புனைந்த பொலஞ்செய் பல்காசு' என்று வருகிற கம்மியன் பொன்வேலைக்காரன். விசிறிக்காரன், தச்சன், நெசவாளி, பொற்கொல்லன், நாலு பேருக்கும் ஒரே சொல். சரி, தனித்தனிப் பேர் இல்லாத காலமா என்றால் அதுவும் இல்லை. கருங்கைக் கொல்லன், மரங்கொல் தச்சன் எல்லாம் அதே புறநானூற்றில் இருக்கிறார்கள். எனவே கம்மியர் என்பது குடை. கீழே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், கையில் வித்தை இருந்தால் போதும்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூர்ப் பட்டியலைப் பாருங்கள்: கஞ்சகாரர், செம்பு செய்குநர், மரங்கொல் தச்சர், கருங்கைக் கொல்லர், கண்ணுள் வினைஞர், மண்ணீட்டாளர், பொன்செய் கொல்லர். இதில் ஐந்து என்ற கணக்கே இல்லை. ஓவியனும் மண்சிற்பக்காரனும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மணிமேகலை இன்னும் வேடிக்கை. அரசனின் சோலை மண்டபத்தைக் கட்ட மகத வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், இவர்களோடு தண்தமிழ் வினைஞர். கொல்லரையும் தச்சரையும் தனியே சொல்லிவிட்டதால் கம்மர் என்பது பொன்வேலைக்காரராக இருக்கலாம். வெளியூர் ஆள் பிடித்து வேலை செய்வது இப்போதுதான் வந்தது என்று கட்டட மேஸ்திரிகள் புலம்புகிறார்கள், அவர்களிடம் இதைக் காட்டலாம்.

8.6.2025, மறுபடியும்

'ஆசில் கம்மியன்' என்பதில் ஆசு என்றால் குற்றம், குற்றமில்லாத கம்மியன். ஆனால் ஆசுக்கு இன்னொரு பொருளும் உண்டு, நகையின் இரண்டு துண்டுகளைப் பற்றவைக்கிற பொடி, பற்றாசு. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் மூன்றாம் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே ஓசை ஒட்டவில்லை என்றால் ஓரெழுத்தோ இரண்டெழுத்தோ சேர்த்து ஒட்டுவார்கள். அதற்குப் பேரே ஆசிடை வெண்பா. பொற்கொல்லர் பற்றாசு வைத்து ஊதுவதைத்தான் யாப்பிலக்கண உரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. நம் ஆட்கள் கவிதைக்கே வெல்டிங் வைத்தவர்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்பதும் இதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். மூக்குப்பொடிக் கட்சியும் ஒன்று இருக்கிறது, அதோடு நான் மோதத் தயாராக இல்லை.

9.6.2025

'பொன்னுரை காண்மர்' என்றால் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். பரம்பரை பொன்வேலைக் குடும்பம். கறுப்பு உரைகல்லை வலது பக்கம் வைத்து, வளையலை அதில் ஒரே இழுப்பு இழுப்பார். ஒரு மஞ்சள் கோடு விழும். பக்கத்திலேயே மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டையும் விரலால் மறைத்து மறைத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால்தான் அமிலக் குப்பி திறக்கும். செம்பு கூடுதலாக இருந்தால் கோடு பச்சையாகப் பொங்கும், தங்கம் அப்படியே நிற்கும். கோடு போடும்போது கல்லில் எழும் சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும் என்கிறார். நானும் காதைக் கொடுத்துப் பார்த்தேன், எனக்கு எல்லாம் 'சர்க்' என்று ஒரே மாதிரிதான் கேட்டது.

ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் 2023 ஏப்ரலில் இருந்து புது நகைக்குக் கட்டாயம். அடகுக்கு வருவதில் பாட்டி காலத்து அட்டிகைதான் அதிகம், அதில் முத்திரை ஏது? அதனால் உரைகல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இவரை அழைக்கிற விதத்தைக் கவனித்தேன். மேனேஜர் 'அப்ரைசர் சார்'. படிவத்தில் 'நகை மதிப்பீட்டாளர்'. கிராமத்தில் இருந்து வருகிற அம்மாக்கள் 'பத்தரே, பாத்து ஒரசுங்க, தேய்ஞ்சிறப் போகுது'. ஒரே ஆள், ஒரே கல்.

13.6.2025

இப்போது ஐந்து எப்படி ஒன்றாயிற்று என்ற விஷயம். இதற்குப் பாட்டை விட்டுவிட்டுக் கல்லுக்குப் போக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ஊர்களைத் தேவதானமாகக் கொடுக்கிறான். ஒவ்வொரு ஊரிலும் வரி இல்லாத இடங்களைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்கிறார்கள்: ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. கம்மாணர், அதாவது கம்மாளர், இங்கே தனிச்சேரியில் இருக்கிறார்கள். சங்கப் பாட்டில் கடைத்தெருவில் கூட்டமாக நின்ற கம்மியர், 11ஆம் நூற்றாண்டில் குடியிருப்பு எல்லையோடு எழுதப்படுகிற சமூகமாகிவிட்டார்கள்.

1118, முதலாம் குலோத்துங்கன் காலம், திருச்சி பக்கம் உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டு. ரதகாரர், அதாவது தேர் செய்வோர் என்று வடமொழியில் பேர் பெற்ற கைவினைக் கூட்டம், என்ன தொழில் செய்யலாம் என்று ராஜாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் நூல்களைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். வீடு கட்டுதல், தேர் செய்தல், கோபுரம் எழுப்புதல், வேள்விக் கருவிகள், மண்டபம், அரசனுக்கு அணிகலன். தொழில் என்பது இனி 'உனக்குத் தெரிந்தது' மட்டும் அல்ல, 'உனக்கு அனுமதித்தது' என்று ஆகிற இடம் இது. படிக்கும்போது எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்கவில்லை.

எங்கள் ஊர்க் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். கரூர் பசுபதீஸ்வரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசாணை. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு ஆடி மாதம் முதல் கொடுக்கிற உரிமைகள்: நன்மைக்கும் தின்மைக்கும், அதாவது கல்யாணத்துக்கும் சாவுக்கும், இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம்.

கொஞ்சம் நின்று படியுங்கள். கோயிலுக்குச் சுதைபூசிச் சிலை வடித்த கூட்டம், தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூச அரசன் கையெழுத்து வேண்டியிருந்திருக்கிறது. உரிமை கொடுத்ததாகப் பெருமையாகச் சொல்கிறோம், அதுவரை இல்லை என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது.

13.6.2025, பின்குறிப்பு

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அந்தக் கரூர்க் கல்வெட்டில் எழுத்து 'கண்மாளர்'. கம்மாளர் என்று இல்லை. ஆகக் கண்ணோடு சேர்க்கிற விளக்கத்தைப் பெரியப்பா வாட்ஸ்அப்பில் எடுத்துவிட்டார் என்று யாரும் நக்கல் அடிக்க முடியாது. சில நூறு வருடங்களாக அப்படி எழுதும் வழக்கம் இருக்கிறது, கண்ணாளர் என்றும் ஒரு வடிவம் உண்டு. வேர் கம்தான் என்ற என் நிலை மாறவில்லை. ஆனால் ஒரு கூட்டம் தன் பேரைத் தானே எப்படிக் கேட்டது என்பதும் வரலாறுதானே. பேச்சில் கம்மாளர் என்று இருந்ததைக் கண்ணின் பெருமை தெரியக் 'கண்மாளர்' என்று ஒருவர் கல்லில் வெட்டியிருக்கலாம். வெட்டியவரும் அதே கூட்டம்தானே, உளி அவர் கையில்!

14.6.2025

பெருந்தச்சன் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பெரிய கோயில் கல்வெட்டில் வருகிற பேர் 'வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்'. ஸ்தபதி என்று இல்லை. அரசனின் பேரையே பட்டமாகப் போட்டுக்கொள்கிற உரிமை. கல் வேலைக்காரரும் தச்சர்தான், கல்தச்சர். கேரளத்தில் பெருந்தச்சன் கதை தனி, மகன் மேல் உளி விழுகிற கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

18.6.2025

பழமொழிகள் கேட்டீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது எல்லோருக்கும் தெரிந்தது. 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்பதும் தெரிந்ததுதான். மா என்றால் இருபதில் ஒரு பங்கு. எனக்குப் பிடித்தது இது: 'கம்மாளன் பசுவைக் காதறுத்து வாங்கினாலும் அங்கேயும் செவ்வரக்கு வைத்திருப்பான்.' பசு நிஜமா பொம்மையா என்று காதை அறுத்துப் பார்த்தால், அங்கேயும் ரத்தம் மாதிரி தெரிய அரக்கு அடைத்து வைத்திருப்பானாம். திட்டுகிற பழமொழிதான். ஆனால் இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு சிற்பிக்கு யார் கொடுப்பார்கள்?

மதிப்பீட்டாளரிடம் மாப்பொன் பழமொழியைச் சொன்னேன். 'சேதாரம்னு கடைக்காரன் வாங்குறது எத்தனை பர்சென்ட், அதைக் கேளுங்க மொதல்ல' என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனால் வந்த கெட்ட பேர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒருவன் செய்த பொய்க்கு, நீர்ப்படைக்காதையில் வெற்றிவேற்செழியன் கொற்கையில் ஒரே பகலில் பொற்கொல்லர் 'ஈரைஞ்ஞூற்றுவரை', ஆயிரம் பேரை, பலி கொடுத்ததாக இளங்கோ சொல்கிறார். காவியத்தில் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். சிலம்பு மேடைகளில் இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

22.6.2025

ஊருக்கு ஊர் அழைக்கிற பேர் பற்றி வந்த குறிப்புகளை ஒன்றாக்குகிறேன். எங்கள் பக்கம் பொன்வேலை என்றால் பத்தர், மர வேலையும் இரும்பு வேலையும் ஆசாரி. மதுரைக்குத் தெற்கே போனால் பல ஊர்களில் எல்லோரும் ஆசாரிதான், வேலையை முன்னால் சேர்த்துக்கொள்வார்கள்: நகை ஆசாரி, மர ஆசாரி. நாகர்கோவில் நண்பர் எழுதியபடி கேரள எல்லை தாண்டினால் ஆசாரி என்றால் மர வேலை மட்டும், வெண்கல வேலைக்காரர் மூசாரி, பொன்னுக்குத் தட்டான். ஐந்தையும் சேர்த்து ஐங்குடிக் கம்மாளர். நம் பக்கம் மூசாரி என்கிற ஆள் கன்னார், பாத்திரக்கடை இருந்த பழைய ஊர்களில் கன்னார் தெரு இன்னும் இருக்கும். சுவாமிமலையிலும் மாமல்லபுரத்திலும் ஸ்தபதி.

தட்டாருக்குக் கல்வெட்டில் தனி வரியே உண்டு, தட்டாரப்பாட்டம். ஜி.எஸ்.டி.யைத் திட்டுகிறவர்கள் ஆறுதல் அடையலாம்.

ஐந்துக்கும் ஐந்து முன்னோர் சொல்வார்கள்: இரும்புக்கு மனு, மரத்துக்கு மயன், செம்புக்குத் துவஷ்டா, கல்லுக்குச் சிற்பி, பொன்னுக்கு விசுவஞ்ஞன். விசுவகர்மாவின் ஐந்து பிள்ளைகள். காந்தக் கோட்டைக் கதையும் உண்டு, கம்மாளர் இருந்த கோட்டையின் சுவர் பகைவரின் இரும்பு ஆயுதங்களை இழுத்துக்கொள்ளுமாம். இந்தக் கதைகளை வைத்து வரலாறு எழுத வேண்டாம், ஆனால் சாதிகள் இடங்கை, வலங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்ட காலத்தில் இடங்கைப் பக்கம் நின்ற ஒரு கூட்டத்துக்கு இவை தேவைப்பட்டன. தங்கள் கல்யாணத்தைத் தாங்களே வேத முறையில் நடத்திக்கொள்ளலாமா என்ற வழக்கு சித்தூர் அதாலத், அதாவது நீதிமன்றம், வரை போய் 1818இல் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை இன்றும் பெருமையாக எடுத்துச் சொல்லும் குடும்பங்கள் உண்டு.

27.6.2025

'கம்மியர் செத்த சொல்' என்று எழுதியவர் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பைப் படித்ததில்லை போலும். பொருத்துநர், கடைசலர், அப்புறம் 'கம்மியர் மோட்டார் வாகனம்'. மெக்கானிக்கைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். யார் அந்தச் சொல்லைப் பிடித்தாரோ, அவருக்கு ஒரு சலாம். கார் பிரேக்கைக் கழற்றிப்போடுகிற பையன் சான்றிதழில் நெடுநல்வாடைக் கம்மியன். எந்தச் சாதிப் பையனும் சேரலாம். சொல் பழைய அகலத்துக்குப் போய்விட்டது.

எதிர்ப்பக்கம் விசுவகர்மா. 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பி.எம். விசுவகர்மா திட்டம் தொடங்கியது. அதில் 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், சிற்பி மட்டுமில்லை, குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, பூக்கட்டுபவர், தையல்காரர், மீன்வலை பின்னுபவர் எல்லோரும் விசுவகர்மா. ஐந்து பேருக்கான குலப்பேர் பதினெட்டுக்கு விரிந்துவிட்டது, பழைய குடும்பங்கள் சிலருக்கு இதில் முணுமுணுப்பு. தமிழ்நாடு அரசின் மறுப்பு வேறு காரணத்துக்கு: குடும்பத் தொழில் என்ற நிபந்தனை, 18 வயதிலேயே சேரலாம் என்பது. 1953 குலக்கல்வித் திட்டம் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் இங்கே கலைஞர் கைவினைத் திட்டம், 25 தொழில்கள், குறைந்தபட்ச வயது 35, குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது.

கடன் வாங்க வருகிறவர்களுக்குப் பேர் முக்கியமில்லை, மானியம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் கேள்வி சொல்லைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்: ஒன்று முன்னோரைச் சொல்கிற பேர், இன்னொன்று கையைச் சொல்கிற பேர். சங்கப் புலவர்கள் கையைத்தான் சொன்னார்கள். என் ஓட்டு அதற்குத்தான். அதற்காக விசுவகர்மா என்று பத்திரிகையில் போடுகிறவரோடு சண்டைக்குப் போகமாட்டேன், அது அவர் வீட்டு விசேஷம்.

30.6.2025

தங்கக் கட்டுப்பாடு பற்றி ஒருவர் கேட்டதால் சின்ன விலகல். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த விதி, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றது. நம் ஊரில் தாலியை 14 காரட்டில் யார் செய்வார்கள்? பட்டறைகள் படுத்தன, நாடு முழுக்கப் பொற்கொல்லர் தற்கொலைகள் செய்தித்தாள்களில் வந்தன. 1968இல் தனிச் சட்டமாயிற்று, 1990இல்தான் எடுத்தார்கள்.

மதிப்பீட்டாளரின் அப்பா அப்போது குமுட்டியை அணைத்துவிட்டு ஒரு பேருந்து பாடி கட்டும் பட்டறையில் தகரம் அடிக்கப் போனாராம். ஊதுகுழலும் சாமணமும் மூசையும் ஒரு தகரப் பெட்டியில் பரண் மேல். 'பொன்னுல பழகுன கை, தகரத்துல ஓசை ஆகாதுன்னு மெதுவாத் தட்டுவாரு, மேஸ்திரி திட்டுவான்' என்றார். கரூரில் பாடி கட்டும் தொழில் பெரிசு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எத்தனை பழைய பொன்வேலைக் கைகள் கலந்திருக்கின்றன என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். கம்மியர் குடை விரிந்தது விருப்பத்தில் மட்டும் இல்லை, பசியிலும்தான்.

3.7.2025

தச்சுமுழம் எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து மனைக்கணக்கில் 33 அங்குலம், இரண்டே முக்கால் அடி. கை முழத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு வாசல் வைத்துவிட்டுப் பிறகு ஆசாரியைத் திட்டாதீர்கள்.

குறுந்தொகை 172இல் வருகிற துருத்தியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஏழு ஊருக்குப் பொதுவாக ஓர் ஊரில் ஒரே உலை, அதன் துருத்தி ஓயாமல் ஏறி இறங்குவது போலத் தன் நெஞ்சு தவிக்கிறது என்கிறாள் தலைவி. கொல்லுப் பட்டறை ஊருக்கு ஒன்று இல்லை, ஏழுக்கு ஒன்று. அறுவடைக் காலத்தில் அரிவாள் சாணை பிடிக்க வரிசை எப்படி நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் என்று ஔவை சொன்னது மிகையா என்ற கேள்வி. புறநானூறு 87. எட்டுத் தேரை ஒரே நாளில் செய்கிறவன், ஒரு மாதம் மனசு வைத்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் அதியமான் என்கிறார். மிகைதான், பகைவனை மிரட்டுகிற பாட்டில் கணக்கா பார்ப்பார்கள்? ஆனாலும் எட்டுத் தேர் ஒரு கையால் ஆகாது, பட்டறை நிறைய ஆள் இருந்தால் முடியலாம். புறம் 206இல் அதே ஔவை 'மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர்' என்கிறார். அந்தப் பையன்கள் கோடரியோடு எந்தக் காட்டுக்குப் போனாலும் மரம் கிடைக்கும் என்பது மாதிரி, புலவருக்கு எந்தத் திசை போனாலும் சோறு உண்டு. ஔவை தன் பிழைப்பைத் தச்சன் பிழைப்போடு வைத்துப் பேசினது எனக்கு 87ஐவிடப் பிடிக்கும்.

இரண்டு பாட்டையும் முழுசாகத் தட்டச்சு செய்து போடச் சொன்ன தம்பிக்கு: 87 நாலே வரி, நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 206 மட்டும் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.